தலையாட்டினால் புரிந்துவிட்டதாகப் பொருளில்லை: பொதுப்பள்ளியில் படிக்கும் காது கேளாத பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'அம்மா'. உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? பாடு, மாடு, படம், மடம், பாலை, மாலை எல்லாமே இதே கதைதான். 'காடு' என்பதில் வரும் 'க்' வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். பார்ப்பவருக்கு அது 'ஆடு'. "என் பையன் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான் டீச்சர்" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் இந்தக் கண்ணாடி வேலையைத்தான் செய்யச் சொல்வேன். வாயசைவு ஒரு துப்பு, அவ்வளவுதான். மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்வது பிள்ளையின் வேலை.

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநராக வாரத்தில் ஐந்தாறு பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். பிள்ளையை 'நார்மல் ஸ்கூலில்' சேர்த்திருப்பதைப் பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். மதிப்பெண்ணும் பெரும்பாலும் மோசமாக இருப்பதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு வலிக்கும் இடம் மதிப்பெண் அட்டையில் இல்லை. இடைவேளையில், பஸ் நிறுத்தத்தில், பின் பெஞ்சில் யாரோ எதற்கோ சிரிக்கும் நேரத்தில் இருக்கிறது. நம் தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன, பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு.

"புரிந்ததா?" என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. சமூக அறிவியல் ஆசிரியர் பாடத்தை முடித்து இந்தக் கேள்வியைக் கேட்டதும் வகுப்பே "புரிந்தது" என்றது. அவள் இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஒரு கணம் தாமதமாகத் தலையாட்டினாள். வகுப்பு முடிந்ததும் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டேன். முந்தைய நாள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஏன் பொய்யாகத் தலையாட்ட வேண்டும்? இல்லை என்று சொன்னால் ஆசிரியர் அருகில் வருவார், அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வார், நாற்பது தலைகள் திரும்பும். தலையாட்டிவிட்டால் எதுவும் நடக்காது. பிள்ளை போட்ட கணக்கு சரிதான்; கேள்விதான் தவறு. "நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத எந்தக் கேள்வியும் நல்ல கேள்வி.

இதைவிடக் கூர்மையான வாக்கியம் ஒன்று உண்டு: "ஒன்றுமில்லை, விடு." வகுப்பே சிரிக்கிறது, அவளும் சிரிக்கிறாள், பிறகு பக்கத்தில் இருப்பவளைத் தொட்டு என்னவென்று கேட்கிறாள். வரும் பதில் இது. சொல்பவளுக்கு அது உண்மையிலேயே ஒன்றுமில்லாத விஷயம்தான். கேட்பவளுக்கோ அன்றைக்கு ஆறாவது முறை. பள்ளிக்கூடத்து நட்பு என்பதே இப்படிப்பட்ட ஒன்றுமில்லாத விஷயங்களால் ஆனது என்பதை எந்தப் பெரியவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டிலும் இதே வாக்கியம்தான். இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரும் பேசிச் சிரிப்பார்கள். பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். குடும்பத்தாருக்குத் தன்னைப் புரியவைக்க முடியாத காது கேளாத பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு, குடும்பத்தோடு பேசிப் பழக முடிந்த பிள்ளைகளைப் போல நான்கு மடங்கு என்கிறது 2012-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு. அற்பமான நகைச்சுவையாக இருந்தாலும் திரும்பச் சொல்லுங்கள்.

காது மிஷின் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொன்று. மிஷின் மூக்குக்கண்ணாடி போன்றதல்ல. ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில், அமைதியான அறையில் பேசுபவரின் குரல் நன்றாக வரும். நம் வகுப்பறைகளில் மின்விசிறி கடகடக்கும், தகரக் கூரையில் மழை விழும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடும். ஆசிரியர் குரலோடு இவையும் சேர்ந்தே பெரிதாகும். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைச் சிகிச்சை மூலம் உட்காதில் பொருத்தும் கருவி) செய்த பிள்ளைக்கும் இரைச்சலில் இதே திண்டாட்டம்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகள் பலருக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "இப்போது கேட்கும் பிள்ளைதானே" என்று எல்லா உதவியையும் நிறுத்திவிடும் பள்ளிகளைப் பார்க்கிறேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மிஷினைக் கழற்றி எறிகிறான் என்று ஒரு தாய் புகார் சொன்னார். பிடிவாதம் என்று நினைத்து அடித்தும் இருக்கிறார். காலை ஒன்பதரை முதல் பாதி வாக்கியத்தைக் கேட்டு மீதிப் பாதியை ஊகித்துக்கொண்டே இருந்தவனுக்கு வருவது பிடிவாதம் இல்லை, களைப்பு. அரை மணி நேரம் நிசப்தத்தில் விடுங்கள். தானே எடுத்து மாட்டிக்கொள்வான்.

முதல் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும் என்பது ஆசிரியர்களின் தனி நம்பிக்கை. முதல் பெஞ்சிலிருந்து ஆசிரியர் முகம் தெரியும், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பாதவரை. பின்னாலிருந்து பதில் சொல்பவர் முகம் தெரியாது. திரும்பிப் பார்த்தால் திட்டு விழும். இரண்டாவது வரிசையில், ஓர் ஓரமாக, வகுப்பு முழுவதையும் பார்க்கும்படி உட்காரவையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். மற்றப் பிள்ளைகள் கேட்ட கேள்வியை, கேட்டவரைச் சுட்டிக்காட்டி, நீங்கள் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

ஒரு நல்ல பிள்ளையைத் துணைக்குப் போடுவது எனக்கே பிடித்த தவறு. பல ஆண்டுகள் நானும் செய்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவள் குறிப்பெழுதிக் காட்டுவாள், அறிவிப்பைச் சொல்வாள், பஸ் வரை கூட்டிப்போவாள். ஆசிரியர்கள் அவளைப் பாராட்டுவார்கள். அங்கேதான் கோளாறு. பாராட்டு வாங்கும் வேலையாகிவிட்டால் அது நட்பில்லை. எட்டாம் வகுப்பில் அந்தத் துணைக்காரிக்கு வேறு தோழிகள் கிடைத்தார்கள். அவர்களோடு போக ஆசைப்பட்டாள். அதில் தப்பே இல்லை. ஆனால் மூன்றாண்டுகளாக அவள் வழியாகவே உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரே வாரத்தில் பள்ளி முழுவதும் ஊமையாகிவிட்டது. இப்போதெல்லாம் அந்த வேலையை வாரம் ஒருவருக்கு என்று மாற்றிவிடுகிறேன். வகுப்புக்கே இருபது முப்பது சைகைகள் கற்றுக்கொடுத்துவிடுகிறேன். ஆசிரியர் பார்க்காதபோது பேசிக்கொள்ள ஒரு வழி கிடைத்ததென்று பையன்கள்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

சலுகை விஷயத்தில் ஒரு வார்த்தை. பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம் என்பதெல்லாம் உரிமை, கேட்டு வாங்குங்கள். ஆனால் ஆண்டு விழா நாடகத்திலும் கபடியிலும் "பாவம், அவனுக்கு வேண்டாம்" என்று கொடுக்கும் விலக்கை யாரும் கேட்கவில்லை. நடுவர் விசிலோடு ஒரு கைக்குட்டையையும் ஆட்டினால் அவன் கபடி ஆடுவான். நாடகத்தில் மரமாக நிற்கவைக்காதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய தவறு: மற்றக் காது கேளாதோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவைப்பது. "சைகை பழகினால் பேச்சு வராது" என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையைவிட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. நம் வகுப்பறைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை, இந்தப் பிள்ளைகளின் கல்வி வளர்ச்சியோடு சமூக வளர்ச்சியையும் சேர்த்தே கேட்கிறது. 2016-ஆம் ஆண்டின் நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்கிறது.

அப்படியானால் சிறப்புப் பள்ளிதான் தீர்வா என்று கேட்பார்கள். பாளையங்கோட்டையில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட வளாகத்துக்குள் நுழைந்தால் மைதானம் முழுக்கக் கைகள் வம்பளந்துகொண்டிருக்கும். அந்தக் கலகலப்பைப் பொதுப்பள்ளியில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஏழு வயதில் வீட்டை விட்டு விடுதிக்குப் போவதும் லேசான காரியமில்லை. எங்கே சேர்ப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு. பொதுப்பள்ளி என்று முடிவானால், மாதம் ஒருமுறையாவது மற்றக் காது கேளாத பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். காது கேளாத பெரியவர்களைப் பார்க்கக் கூட்டிப்போங்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கையசைத்துக் கேட்டாள்: "பெரியவளானால் எனக்கும் கேட்கும்தானே?" அவள் அதுவரை காது கேளாத ஒரு பெரிய மனுஷியைக்கூடப் பார்த்ததில்லை.

பள்ளிக்குப் போவதாக இருந்தால் மதிப்பெண் அட்டை வாங்கும் நாளில் போகாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், பிள்ளைக்குத் தெரியாமல் தூர நின்று, எங்கே, யாரோடு உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சென்ற மாதம் ஒரு பள்ளியில் நான் அப்படித்தான் நின்றேன். ஏழாம் வகுப்பில் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் ஒருத்தி, இரண்டு பேரும் காது கேளாதவர்கள், வேறுவேறு ஊர்க்காரிகள். குழாயடியில் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, யார் யாருடைய பென்சிலை எடுத்தது என்று நான்கு கைகளாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விலக்கிவிட ஓர் ஆசிரியர் வேகமாக நடந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "கொஞ்ச நேரம் சண்டை போடட்டும், விடுங்கள் டீச்சர்."