தரையில் விழுந்த சொட்டு எங்கிருந்து வந்தது?

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் முன்வாசலில், காலையில் காரைப் பின்னுக்கு எடுத்தவுடன் தரையில் இருபது சென் நாணயம் அளவுக்கு ஒரு கறை தெரிந்தால், முன்பெல்லாம் நேரே பட்டறைக்குத்தான் ஓட்டிச் செல்வேன். கறை எந்தத் திரவம், எங்கிருந்து இறங்கியது என்ற இரண்டையும் வீட்டிலேயே கண்டறியலாம் என்பது சில நூறு ரிங்கிட் செலவுக்குப் பிறகுதான் புரிந்தது.

முதலில் தண்ணீரை ஒதுக்கிவிட வேண்டும். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் ஏர்கான் போட்டு ஓட்டி வந்த காரின் அடியில், முன் பயணியின் காலடிக்கு நேர்கீழே, தெளிந்த, மணமற்ற தண்ணீர் சொட்டுவது இயல்பே. அங்கே சொட்டாமல் உள்ளே காலடி விரிப்பு நனைந்திருந்தால்தான் வடிகுழாய் அடைத்துக்கொண்டது என்று ஐயப்பட வேண்டும்.

மற்ற திரவங்களை அறிய, பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, இரவில் எஞ்சினுக்கு அடியில் விரித்துவிட்டு, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சொட்டின் இடமும் நிறமும் சேர்ந்து பேசும். பழுப்பாகவோ கறுப்பாகவோ விரலில் வழுவழுப்பது எஞ்சின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் தானியங்கி கியர் எண்ணெய் அல்லது பவர் ஸ்டியரிங் எண்ணெய். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், இனிப்பு மணத்துடன், காய்ந்தபின் உப்புப் பூத்ததுபோல் படிவது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். நச்சுத்தன்மை உடைய அதைப் பூனையும் நாயும் நக்கிவிடும் என்பதால் உடனே கழுவிவிட வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில் வெளிர்மஞ்சளாக வழுக்கும் திரவம் தென்பட்டால் அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அந்தக் காரை ஓட்டவே கூடாது, இழுவை வண்டியை அழைக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பாமல் காரைத் தள்ளி வெளியே விடுங்கள்.

இனிதான் பலரும் ஏமாறும் கட்டம். சொட்டு விழுந்த இடமும் கசிவு தொடங்கிய இடமும் ஒன்றல்ல. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். என் பழைய காரில் எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியதைப் பார்த்த ஒரு பட்டறையில், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டின் பின்புற ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். நானும் சம்மதித்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே சொட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகத் தேடியபோது, எஞ்சினின் உச்சியில் இருக்கும் வால்வு மூடியின் பின் மூலையில் கேஸ்கெட் (மூடியின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) கல்லாய் இறுகி, அங்கிருந்து ஒரு மெல்லிய கோடாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

ஆகவே, பழைய எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் ஆறியபின், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடி, பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் தெளித்து, துணியால் துடைத்து உலர விடுங்கள். சந்தேகமான மூட்டுகளில் குழந்தைப் பவுடரை லேசாகத் தூவி, பத்து நிமிடம் ஓட்டி வந்து, எஞ்சினை அணைத்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் மிக உயரமான புள்ளியே குற்றவாளி. கூலண்ட் கசிவில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி இணையும் விளிம்பு, குழாய் வாய்கள், தண்ணீர் பம்பின் கசிவுத் துளை ஆகியவற்றைப் பாருங்கள். அந்தத் துளையிலிருந்து சொட்டினால் பம்பை மாற்றுவது ஒன்றே வழி. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகியிருந்து, திறந்ததும் கொதித்துச் சீறும்.

வால்வு மூடி கேஸ்கெட்டை மாற்றுவது வீட்டு வேலைதான். இக்னிஷன் காயில்களை வரிசை மாறாமல் கழற்றி, மூடியைத் தூக்கி, இரு பரப்புகளையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, பழைய துணுக்கு எதுவும் எஞ்சினுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைமிங் சங்கிலியை மறைக்கும் மூடி சேரும் மூலைகளில் மட்டும் பயற்றளவு சிலிக்கோன் பசை வைத்தால் போதும். சுற்றிலும் பூசுவது பாதுகாப்பு அல்ல, பிசகு. போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானரால் கையேட்டில் உள்ள அளவுக்கே முடுக்குங்கள். இவை பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவிலான சிறு போல்டுகள் என்பதால், கைப்பலத்தை நம்பினால் அலுமினிய மரை கழன்றுவிடும். எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அப்போதே சோதியுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறிப் புதிய கேஸ்கெட்டும் சில மாதங்களில் கசியும்.

காருக்கு அடியில் போக வேண்டிய வேலை என்றால், சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மீது இறக்கிய பிறகே உள்ளே செல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பவர்களை நான் திட்டியே எழுப்பியிருக்கிறேன்.

வடித்த எண்ணெயை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாதீர்கள், அது கோம்பாக் ஆற்றுக்குத்தான் போகும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு. பழைய போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். பிறகு அதே இடத்தில் புதிய வெள்ளைத் தாளை விரித்து, ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள்.