அபு கிளியா: உடையாத சதுரத்தை உடைத்த கதை

அபு கிளியா சண்டையை மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் மஹ்தி படை (சூடானில் ஆட்சிக்கு எதிராக எழுந்த மதத் தலைவர் மஹ்தியின் ஆட்கள்) பிரிட்டிஷ் சதுரத்தை, அதாவது நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் படை அணிவகுப்பை, தொடுவதற்கு முன்பே செத்து விழுந்தது. எதிரே ஆடிய நண்பர், "இதுக்கு நான் டீ போடவே போயிருக்கலாம்" என்றார்.

நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. 1885 ஜனவரி 17, சூடான். கார்ட்டூமில் முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்டனை மீட்கப் போன சுமார் 1,400 பேர், அபு கிளியா கிணறுகளை நோக்கிச் சதுரமாக நகர்ந்தார்கள். ஒட்டகங்கள் பின்தங்கின. கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியைச் சதுரத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள், சுடும்போது அது அடைத்துக்கொண்டது. இடது பின்மூலை திறந்துவிட்டது. பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் பர்னபி செத்தது அங்கேதான்.

தப்பு என்னுடையது. ராத்திரி ராத்திரியாக வண்ணம் பூசிய 28 மி.மீ. பொம்மைகளை மறைக்க மனசு வராமல், ஈட்டிக்காரர்கள் எல்லோரையும் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தேன். அன்றைக்குப் பள்ளத்தில் தெரிந்தது கொடிகள் மட்டும்தானே!

சரி என்று மேசையில் பத்துக் கொடிகளை மட்டும் நட்டேன். அடியில் ஆள் எண்ணிக்கை எழுதிய சீட்டு, நாலில் மட்டும் வெறும் சீட்டு. சதுரம் 12 அங்குலத்துக்குள் வந்தால்தான் புரட்டிப் பார்க்கலாம். கார்ட்னருக்கு இரண்டு பகடை; இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் அடைப்பு, இரண்டு சுற்று சும்மா நிற்கும். சதுரம் நகரும்போதெல்லாம் ஒட்டகத்துக்கு ஒரு பகடை: 1 அல்லது 2 விழுந்தால் பின்வரிசை இரண்டு அங்குலம் பின்தங்கும்.

நான்காவது ஆட்டத்தில், ஐந்தாம் சுற்றில் மூலை திறந்தது. நண்பர் டீயை மறந்துவிட்டார்.