பழைய இத்தாலியச் சைக்கிளுக்குப் புதிய பாகங்கள்

1980-களின் கொல்நாகோ, பினரெல்லோ ஸ்டீல் பிரேம்களில் பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி பெரும்பாலும் 126 மி.மீ. ரிம் பிரேக் சைக்கிள்களின் 8 முதல் 11 கியர் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) 130 வேண்டும். ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம், பிறகு டிராப்அவுட்களை (அச்சு உட்காரும் பிரேம் முனைகள்) இணையாக்காவிட்டால் அச்சு வளைந்து உடையும். அலுமினியமா? கை வைக்காதீர்கள்.

பலர் தடுக்கி விழுவது பாட்டம் பிராக்கெட்டில்தான், அதாவது பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதியில். இத்தாலிய மரை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. அது பொருந்தும் பிரேம் கூட்டின் அகலம் 70 மி.மீ. இரு பக்கமும் வலது மரை (கடிகார திசையில் இறுகுவது). அதனால் மிதிக்க மிதிக்கச் செயின் பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் மரையுள்ள மூடி) தளரும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) தடவி, 50 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் முறுக்குங்கள்.

டயர் 25 மி.மீ. பெரும்பாலும் நுழையும். 28 என்றால் பிரேக்குக்கு அடியிலும் செயின்ஸ்டேக்களுக்கு (பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரு குழாய்கள்) நடுவிலும் முதலில் அளந்துகொள்ளுங்கள். பழைய டியூபுலர் ரிம்மில் (டயரைப் பசையால் ஒட்டும் வகை) கிளிஞ்சர் டயர் (ஓரம் ரிம்மில் கொக்கி போட்டு நிற்கும் வழக்கமான டயர்) உட்காராது.