சேலம் மாவட்டம் இளம்பிள்ளைத் தறிக்கூடத்துக்கு நூல் வாங்கும் முறை

கிலோ விலையை மட்டும் கேட்டு நூல் வாங்கினால் தறி நிற்கும். மூன்று இடத்திலாவது கொட்டேஷன் வாங்குங்கள். கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்), கோன் (நூல் சுற்றிய கூம்பு) எடை, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, கடன் நாள் எல்லாம் எழுத்தில் வரட்டும். 'பார்த்துக்கலாம்ணே' என்பது கொட்டேஷன் ஆகாது.

சரக்கு வந்ததும் நாலைந்து மூட்டையிலிருந்து ஒவ்வொரு கோன் எடுத்து, 120 கெஜம் சுற்றி நிறுங்கள். 64.8-ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வரும். 40 கவுண்ட் நூலுக்கு 1.62 கிராம் நிற்க வேண்டும். கோனுக்குக் கோன் கவுண்ட் மாறினால் சேலையில் பட்டை விழும், சாயமும் ஒரே சீராக ஏறாது. பருத்தி நூலுக்கு ஈரப்பதம் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் என்பது கணக்கு. 10.5 இருந்தால் 50 கிலோ மூட்டையில் சுமார் 900 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். மழைக்காலத்தில் இதை விடவே கூடாது. பாவு நூலில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) மலிவு பார்க்காதீர்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடும் நேரமெல்லாம் கூலிதான்.

பில் தொகை ஜிஎஸ்டி 2பி-யில் (நீங்கள் திரும்ப எடுக்கக்கூடிய வரியைக் காட்டும் மாதப் பட்டியல்) ஏறியதா என்று மாதாமாதம் பாருங்கள். உத்யம் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் சட்டப்படி வட்டி சேரும்.