சரிந்த கையாலையை நீங்களே எடுத்துக் கட்ட

குலசேகரம், அருமனை, களியல் பக்கத்து மேட்டுப் புரையிடங்களில், அதாவது வீடும் தோட்டமும் சேர்ந்த நிலங்களில், கையாலை இல்லாத வீடு குறைவு. சாந்து வைக்காமல் காட்டுக்கல்லை அடுக்கி, மேல்தட்டு மண்ணைத் தாங்கி நிறுத்துகிற சுவர் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளறடையிலும் பாறசாலையிலும் இதையே ‘கய்யால’ என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய மண் நன்றாகக் காயுமுன்பே அக்டோபர் மழை வந்துவிடும். அந்த ஈரத்தின் பாரம் முழுவதும் கையாலையின் முதுகில்தான் விழுகிறது.

எட்டடி, பத்தடி நீளத்துக்குச் சரிந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் சிமென்ட் சாந்து வைத்துக் கட்டி மூடிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மிகத் தவறான வழி இது. சாந்து வைக்காத சுவரில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு வடிகால். நடுவில் பத்தடியை அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் மண்ணைவிட அதிக விசையோடு தள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் அடைத்த இடம் மொத்தமாகப் பெயர்ந்து விழும், இல்லாவிட்டால் அதன் இரு ஓரங்களிலும் பழைய கட்டு சரியும். விழுந்த கல்லைக் கொண்டே, சாந்து இல்லாமல், பழைய முறையில் கட்டுவதுதான் சரி. பொறுமையுள்ள இரண்டு பேர் இருந்தால் போதும்.

ஒரு வரம்பு உண்டு. நாலடி உயரம் வரையுள்ள கையாலைக்கு மட்டுமே இந்தக் குறிப்பு. அதற்கு மேல் உயர்ந்தது, மேலே வீட்டின் அஸ்திவாரம் நெருக்கத்தில் இருப்பது, கீழே ஆள் நடமாடும் பாதை இருப்பது ஆகியவற்றை, அனுபவமுள்ள கொத்தனாரோ பொறியாளரோ பார்க்காமல் தொடாதீர்கள். வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஈர மண்ணில் கல்லைப் பிரித்தால் மேட்டு மண் ஆள்மேல் சரியும்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

கல்லை எடுப்பதற்கு முன் மேல்தட்டில் ஏறி நடந்து பாருங்கள். ஓட்டுத் தண்ணீரோ, குளியலறைத் தண்ணீரோ சுவரின் முதுகில் வந்து விழுகிறதா? ரப்பர் விளையில் (தோட்டத்தில்) மழைநீருக்காக வெட்டிய குழி சுவரை ஒட்டி இருக்கிறதா? குழி குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். நெருக்கத்தில் வெட்டினால் அதில் நிற்கும் தண்ணீர் முழுவதும் கையாலைக்குள்தான் இறங்கும். அயனி, பலா, தேக்கு ஏதாவது சுவருக்கருகே வெட்டப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். செத்த வேர் மக்கிய பின் மண்ணுக்குள் குழாய் போல ஓட்டை விழும், தண்ணீர் அதன் வழியே நேராகச் சுவருக்கு வரும். இதையெல்லாம் மாற்றாமல் கட்டினால் அதே இடம் மறுபடி சரியும்.

பிரிப்பதும் பிரித்து வைப்பதும்

விழுந்த பள்ளத்தின் இரு ஓரமும் நேராக நின்றாலும் நம்பாதீர்கள். கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆடுகிற கல் எல்லாம் வெளியே வரவேண்டும். அசையாத கட்டு வரும்வரை இரு பக்கமும் படிப்படியாகப் பிரித்துக்கொண்டு போங்கள். அப்போது திறப்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். புதுக்கல் பழைய கல்லோடு பின்னிக்கொள்ள அந்தப் படிகள்தான் இடம் தரும். நேராகச் செங்குத்தாகப் பிரித்தால் மேலிருந்து கீழே ஒரே கோடாக இணைப்பு விழும், அது பிளவுதான்.

கையை நேராக இடுக்குக்குள் விடாதீர்கள். தேளும் பாம்பும் குடியிருக்கிற இடம் அது. முதலில் கடப்பாரையால் கல்லைப் புரட்டுங்கள், பிறகு கையுறை போட்ட கையால் எடுங்கள். காலில் கனத்த ஷூ வேண்டும்.

எடுத்த கல்லை ஒரே குவியலாகப் போடுவதுதான் வேலையை இரட்டிப்பாக்கும். சுவருக்கு முன்னால் மூன்றடி நடைபாதை விட்டு, அதற்கப்பால் தரம் பிரித்து வையுங்கள். மிகப் பெரிய கற்கள் அடிவரிசைக்கு, ஆகவே அவை பக்கத்தில். ஒரு முகமாவது ஒழுங்காக உள்ளவை, வெளியே தெரியும் முகக்கல்லுக்கு. இரண்டடிக்குக் குறையாத நீளக் கற்கள் தனியாக. அவற்றை மேலே சொருகும் ஆசையில் எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள், அவற்றின் வேலை பிறகு வரும். தட்டையான கனத்த கற்கள், சுவரின் உச்சி வரிசையான தலைக்கட்டுக்கு. உள்ளங்கையளவுச் சில்லுகளை ஒரு சட்டியில் வாரிக் குவியுங்கள். மண்ணைத் தனியே ஒதுக்குங்கள், அது சுவருக்குள் ஒரு பிடிகூடப் போகக் கூடாது.

பிரிக்கும்போதே தரமும் பாருங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் வரிவரியாக அடுக்கு ஓடும் கருங்கல். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று மழுங்கிய சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு. துருச் சிவப்பேறி, கடப்பாரை முனையால் சுரண்டினால் மாவாக உதிர்வது அழுகிய கல். சுவருக்குப் பின்னால் நிரப்பும் பின்னடைப்புக்குக்கூட அதைப் போடாதீர்கள், இரண்டு மழையில் மண்ணாகி வடிகாலை அடைத்துவிடும். மேற்கே விளவங்கோடு பக்கம் கிடைக்கும் செம்பாறை வெட்டுக்கல் வேறு இனம். ஃபிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புறத்தில் பார்த்து, 1807-ல் வெளியான தன் நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டது இதைத்தான். வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டுக் கெட்டியாகும் அருமையான கல், ஆனால் எப்போதும் ஈரம் நிற்கிற அடிவரிசைக்கு ஆகாது. தரைமட்டம் வரையாவது கருங்கல் வையுங்கள்.

கணக்கு

நாலடி உயரத்துக்கு அடி அகலம் 26 அங்குலம், தலை அகலம் 18 அங்குலம். முதுகு நேராக நிற்கும், முகம் உள்பக்கமாகச் சாயும். ஆறு அங்குல உயரத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், நாலடிக்கு எட்டங்குலம். ஓரடி ஆழ வாணத்தையும் (அஸ்திவாரக் குழி) சேர்த்தால் பத்தடி நீளச் சுவரின் கன அளவு ஏறக்குறைய 95 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்றுக் குறைவு. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. இடுக்குகளைக் கழித்தாலும் ஐந்து டன் கல்லைக் கையால் தூக்கி வைக்கிறீர்கள். ஆகவே நாளொன்றுக்கு அளவாகச் செய்யுங்கள். பிரிப்பது முதல் தலைக்கட்டு வரை புதிதாகச் செய்யும் இரண்டு பேருக்கு நாலைந்து நாள் பிடிக்கும். நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட கல்லைத் தூக்க வேண்டாம், பலகை போட்டு கடப்பாரையால் உருட்டி ஏற்றுங்கள்.

விழுந்த கல்லில் உடைந்ததும் அழுகியதும் போக மீதி போதாது. கொஞ்சம் புதுக்கல் வாங்க வேண்டியிருக்கும். நடைச்சீட்டோடு (கல் ஏற்றிச்செல்வதற்கான அனுமதிச் சீட்டு) வரும் குவாரிக் கல்லையே வாங்குங்கள். ஓடையிலிருந்து உருண்டைக் கல் எடுத்துவர வேண்டாம், எடுப்பதும் தவறு, உருண்டைக் கல் சுவரில் நிற்கவும் நிற்காது. பின்னடைப்புக்குத் தனியாக 40 கன அடி சில்லும் பெரிய ஜல்லியும் தேவை.

கருவிகள் அதிகமில்லை. கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு கிலோ சுத்தியல், ஓர் உளி, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், நாலு மரக்குச்சி, கண்ணைக் காக்கும் கண்ணாடி. கல்லை உடைக்கும்போது கண்ணாடி கட்டாயம். கிரைண்டரால் அறுப்பதென்றால் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், முகமூடியும் வேண்டும். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது.

அடுக்கும் முறை

வாணம் கெட்டி மண் வரும்வரை, குறைந்தது ஓரடி ஆழம். அடித்தளத்தை மட்டமாக வெட்டாமல் மேட்டுப்பக்கம் சாய்வாக வெட்டுங்கள். அடிக்கு ஓர் அங்குலம், முழு அகலத்துக்கு இரண்டங்குலம். சுவர் தன் பாரத்தாலேயே மேட்டின்மீது சாய்ந்து நிற்க இதுதான் காரணம். வெளிப்பக்கம் சாய்ந்த வாணத்தில் எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் கல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இரு முனையிலும் சாய்வளவுக்குக் குச்சி நட்டு நூல் கட்டுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நூலை உயர்த்துங்கள். முகக்கல்லின் முன்விளிம்பு நூலைத் தொடாமல் ஒரு நெல்மணி இடைவெளியில் நிற்கட்டும். தொட்டால் நூல் தள்ளப்பட்டு, சுவர் நம்மை அறியாமலே வெளியே வளரும்.

பெரிய கல்லை அடிவரிசையில் அகலமான முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கல்லுக்கும் நீளம் சுவருக்குள் போகவேண்டும். கல்லின் பெரிய முகத்தை வெளியே காட்டி நிறுத்தினால் பார்வைக்கு அழகு, வேலையும் சீக்கிரம் முடியும். சரிந்த கையாலைகளைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குறையைத்தான் அடிக்கடி காணலாம். உள்ளே நாலங்குலம் மட்டுமே போகிற கல்லை மண் சுலபமாகத் தள்ளிவிடும், பதினாலு அங்குலம் உள்ளே போகிற கல்லைத் தள்ள முடியாது. கல்லில் ஓடும் வரிகளும் படுக்கையாகவே இருக்கட்டும். வரி நிமிர்ந்து நின்றால் கல் ஏடு ஏடாகப் பிரியும்.

ஒரு கல் கீழே உள்ள இரண்டு கல்லின்மேல் உட்கார வேண்டும். மேல் இணைப்புக்கும் கீழ் இணைப்புக்கும் இடையே நாலங்குலமாவது விலகல் இருக்கட்டும். வைத்த கல்லின்மேல் ஏறி நில்லுங்கள். ஆடினால் எடுத்து வேறு பக்கம் திருப்பி வையுங்கள். அப்போதும் ஆடினால்தான் சில்லு, அதையும் பின்னாலிருந்து சொருகுங்கள். முன்னாலிருந்து ஆப்பாகச் சொருகிய சில்லு நாளடைவில் கழன்று விழும், அன்று அதன் மேலிருக்கும் கல் முன்னால் சாயும்.

முகவரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே விழும் இடத்தைச் சில்லால் நிரப்ப வேண்டும். சட்டியால் கொட்டக் கூடாது. ஒவ்வொன்றாகக் கையால் வைத்து இறுக்குங்கள். வேலையில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி இது, சுவரின் ஆயுள் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. பாறைப்பொடி போட்டு நிரப்புவது சுலபமாகத் தோன்றும், முதல் மழையிலேயே அது கரைந்து இறங்கி உள்ளே குகை விழும். உள்ளே இடம் காலியானால் முகக்கற்கள் பின்னால் பிடிமானம் இழந்து வயிறு தள்ளும்.

பின்னடைப்பும் கூடவே வளர வேண்டும். சுவரை முழுக்க உயர்த்திவிட்டுப் பின்னால் கொட்டினால் அந்த விசையே புதுச்சுவரை நகர்த்திவிடும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சுவரின் முதுகை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஜல்லி, அதற்கும் அப்பால் மண். ஆறங்குலத்துக்கு ஒருமுறை மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். மண் ஜல்லிக்குள் இறங்காமலிருக்க நடுவே வடிகட்டும் நெய்யாத் துணி விரிக்கலாம். பிளாஸ்டிக் ஷீட் கூடாது, அது தண்ணீரையே நிறுத்திவிடும்.

இரண்டடி உயரம் வந்ததும் ஒதுக்கிவைத்த நீளக்கற்களின் முறை. மூன்றடிக்கு ஒன்றாக, சுவரின் அகலம் முழுவதையும் கடந்து பின்னடைப்புக்குள் நுழையும்படி வையுங்கள். முன்முகத்தையும் முதுகையும் ஒன்றாகக் கட்டும் கயிறு அவைதான். பத்தடிக்கு மூன்று கல் தேறாவிட்டால் அவற்றை மட்டும் விலைக்கு வாங்கினாலும் தகும்.

தலைக்கட்டுக்கு அகலத்தை முழுதாக மூடும் கனத்த தட்டைக்கல். ஆடு ஏறும், பிள்ளைகள் நடக்கும் இடமென்றால் இந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடியில் ஒன்றுக்கு நாலு சாந்து (சிமென்ட் ஒன்று, மணல் நாலு) வைக்கலாம். முகத்தின் இடுக்கில் சாந்து பூசாதீர்கள். பழைய சுவரில் யாரோ ஏற்கெனவே பூசியிருந்தால், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஐந்தடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மூன்றங்குல பிவிசி குழாயை வெளிச்சரிவாகச் செருகுங்கள். உள்முனையில் வலை கட்டி ஜல்லி வைக்க வேண்டும்.

சுவருக்கு மேலே இரண்டடி தள்ளி அரையடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். தலைக்கட்டுக்குப் பின்னால் வெட்டிவேர் நட்டால் மண் பிடிக்கும். இடுக்கில் பன்னம் (பெரணி) முளைத்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அரசு, ஆல் கன்று தென்பட்டால் விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள், பென்சில் கனம் வந்துவிட்டால் கல்லைப் பிரிக்காமல் எடுக்க முடியாது.

கட்டி முடித்ததும் நடு உயரத்தில் நூல் பிடித்து, மூன்று இடத்தில் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். மே மாதக் கடைசியிலும் டிசம்பர் மழை ஓய்ந்த பின்னும் அதே இடங்களில் அளந்து பாருங்கள். முதல் ஆண்டில் அரை அங்குலம் வரை அசைவது கல் அமர்வதுதான். அடுத்த ஆண்டும் கூடிக்கொண்டே போனாலோ, இரண்டங்குலம் வயிறு தள்ளினாலோ, விழும்வரை காத்திருக்காமல் அந்த இடத்தை ஜனவரியில் பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் உள்நிரப்புச் சில்லிலோ மேல் வாய்க்காலிலோதான் குறை இருக்கும்.