சேலத்திலிருந்து தானோட் எல்லைவரை: சொந்தமாகப் போகிறவர்களுக்கு

தானோட், ராஜஸ்தானில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கோயில் ஊர். அதற்கு முன்னால் வரும் பெரிய ஊரான ஜெய்சல்மேர்வரை போவது எளிது. பெங்களூர் போய் ஜோத்பூர் ரயில், அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னொரு ரயில். நவம்பர் முதல் பிப்ரவரிவரை போங்கள், கோடை வேண்டாம். கிளம்புமுன் எல்லை நிலவரத்தைப் பாருங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் நடந்தபோது ஜெய்சல்மேரில் இரவு முழுக்க விளக்கணைப்பு இருந்தது.

முதல் வேலை, பெயர். நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது இங்கேதான். ஆதாரில் "முருகன் எஸ்", லைசென்ஸில் "எஸ் முருகன்", ரூம் புக்கிங்கில் அப்பா பெயரையும் சேர்த்து "முருகன் செல்வராஜ்". இன்ஷியல் நமக்குப் பழக்கம். சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு இவை மூன்று பேர். ஆதாரில் உள்ள எழுத்துகளையே ரயில், ரூம், வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் கொடுங்கள். லைசென்ஸில் பெயர் மாறியிருந்தால் அப்பா பெயர் விரித்து எழுதிய ஆவணம் ஒன்று கையில் இருக்கட்டும். டிஜிலாக்கர் செல்லும்தான், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது. நகல் எடுத்துக்கொள்வதே நல்லது, இரண்டு செட்.

அடுத்து வண்டி. முதல் தடவை என்றால் உள்ளூர் டாக்ஸிதான் என் தேர்வு. ஓட்டுநருக்கு மொழியும் தெரியும், சாவடியும் தெரியும். பைக் என்றால் ஆர்சி, இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் வாங்காமல் நகராதீர்கள். ஜெய்சல்மேர், ராம்கர், தானோட், லோங்கேவாலா, திரும்ப ராம்கர் வழியாக ஜெய்சல்மேர்: சுமார் 270 கிமீ. ராம்கரில் டேங்கை நிரப்புங்கள், அதற்குப் பிறகு பங்க்கை நம்பக் கூடாது. ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர். மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய கை வளைவைக் கண்டால் பிரேக்கைத் தேடும். இங்கே சாலை நேராகத்தான் ஓடும், ஆபத்து அதன்மேல் படிந்த மணலில். முன்பே வேகத்தைக் குறைத்து, மணல்மேல் பிரேக் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும்.

சாவடியில் கேட்பது மூன்றுதான்: எங்கிருந்து, எங்கே, எங்கே தங்கல். "தமிழ்நாடு சே, தானோட் மாதா தர்ஷன்" (தமிழ்நாட்டிலிருந்து, தானோட் மாதா கோயில் தரிசனத்துக்கு) என்று இந்தியில் சொல்லி, ரூம் ரசீதைக் காட்டுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். சாவடி, கோபுரம், ராணுவ வண்டி எதையும் படம் எடுக்காதீர்கள், டேஷ்கேமையும் அணைத்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். சேட்டிலைட் போனும், கார்மின் இன்ரீச் போல சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

தானோட் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையே பராமரிக்கிறது. அங்கிருந்து எல்லைக் கோடுவரை போக அவர்கள் அனுமதி வேண்டும். அன்றைய நிலவரப்படி கிடைக்கும் அல்லது கிடைக்காது. இல்லையென்றால் வாதாடாமல் லோங்கேவாலாவுக்குத் திரும்புங்கள். 1971 டிசம்பர் போர் நடந்த இடம், நிதானமாகப் பார்க்க வேண்டியது. இருட்டுமுன் ராம்கரைத் தாண்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினரைக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். ஜெய்சல்மேர் நகரம் பரவாயில்லை. தானோட் பக்கம் போக அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) மட்டும் போதாது. ஜெய்சல்மேர் மாவட்ட நிர்வாகத்தில் முதலில் விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.