7 கிலோ கைப்பையும் மாமியின் பாசலும்

திருகோணமலையில் இருந்து சென்னைக்குப் போனால் விமானத்துக்குள் இருக்கப்போவது ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் அதற்கு முதல் ஒரு இரவு ரயில், இல்லாவிட்டால் ஆறேழு மணித்தியாலம் பஸ், பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இன்னொரு பஸ், அவ்வளவுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு திரியப்போவது நீங்கள்தான். அதனால்தான் ஒரே ஒரு கைப்பை என்கிறேன்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், அதுவும் பையின் எடையும் சேர்த்து. சில்லு வைத்த சின்ன சூட்கேஸ் வெறுமையாகவே இரண்டரை கிலோவுக்குக் கிட்ட வரும். முதுகில் போடுகிற சாதாரண பை ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். பையை மாற்றினாலே ஒன்றரை கிலோ லாபம்.

உடுப்பு நாலு செட் போதும், ஒன்று உடம்பில், மூன்று பையில், மற்றதெல்லாம் துவைத்துப் போடுவதுதான். ஜீன்ஸையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள், அவை பைக்குள் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் வடகீழ்ப் பருவமழை நமக்கும் சென்னைக்கும் ஒரே காலத்தில்தான் கொட்டும், இங்கே கொடியில் காயாதது அங்கேயும் காயாது. மெல்லிய பொலியெஸ்டர் கலந்த சேட் என்றால் ஃபேனுக்குக் கீழே ராத்திரிக்குள் காய்ந்துவிடும். துவாய் வேண்டாம், ஒரு பழைய சாரம் போதும்: குளித்துத் துவட்ட, ரயிலில் போர்த்த, உடுப்பு மாற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். பட்டுச்சீலையா? சென்னைக்குப் போகிறவர் இங்கேயிருந்து ஏன் கொண்டுபோக வேண்டும், வரும்போதுதானே அந்தப் பாரம்.

ஷாம்பு, எண்ணெய், பற்பசை எல்லாம் 100 மில்லிலீட்டருக்கு மேற்படாத போத்தலில், எல்லாம் சேர்த்து ஒரு லீட்டர் அளவு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள். போத்தலில் எழுதியிருக்கும் அளவைத்தான் பார்ப்பார்கள், 200 மில்லி போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்தாலும் அது 200தான். ஊறுகாயையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அம்மா போட்டுத் தந்த தேசிக்காய் ஊறுகாயைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு வந்தவன் நான், இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

பவர் பேங்க் கையோடுதான் வர வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி (mAh) என்றால் ஏறக்குறைய 74 வாட் மணி, 100க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. மேலே இடமில்லை என்று கடைசி நேரத்தில் பையை வாங்கிக் கீழே போடச் சொன்னால், பவர் பேங்கை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

சரி, இனித்தான் உண்மையான பாரம். என்னுடைய பையை நிரப்பியது ஒருநாளும் என் சாமான் இல்லை. "தம்பி, சின்னப் பாசல்தான், ஒருக்கா அக்காட்ட குடுத்திடு" என்று வெளிக்கிடுகிற அன்று பின்னேரம் மாமி வருவா, அது ஒன்றரை கிலோ இருக்கும், உள்ளே நெத்தலிக் கருவாடாகவும் இருக்கும். மூன்று கடதாசி சுற்றினாலும் அந்த வாசனை ரயில் பெட்டி முழுக்கப் பரவும். என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், சொந்தக்காரர் என்றாலும்தான், சோதனையில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நமக்கு வராது, அதனால் தராசைச் சொல்ல விடுங்கள். முதல்நாளே பையோடு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு பை இல்லாமல், கழித்தால் வருவதுதான் பையின் எடை. போன தடவை 6 கிலோ 800 காட்டியது. மாமியைக் கூப்பிட்டு அந்தக் கணக்கைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனா. அரை மணித்தியாலத்தில் வந்தா, கையில் பயத்தம் உருண்டை, கடைத் தராசில் நிறுத்துச் சரியாக 200 கிராம்.